ஜப்பான் போய் வந்த எவர்சில்வர் டப்பா

அந்த அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை. அவர் வீட்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாத்திரத்திலும் அது புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். துபாய் அல் குசைஸில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் அந்தப் புள்ளிப் பெயர் நுழையாத சமையலறை கிடையாது. தமிழில் ஒரு எழுத்து தெரியாத சிரியாக்காரர்களும் பிலிப்பினோக்களும்கூட அதைப் பார்த்தவுடன் இது எந்த வீட்டுப் பாத்திரம் என்று சொல்லிவிடுவார்கள். அவர் துபாயை விட்டு ஊருக்குப் போய் ஒரு வருஷமாகிறது. அவருடைய தூக்குப்போசி ஒன்று இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் இல்லை. அதற்குள் என்ன போட்டுக் கொடுப்பது என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் முடிவாகவில்லை.

முதல் முறை நான் மாட்டிக்கொண்டது ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பில். அந்தக் கட்டடத்துக்கு நான் குடிவந்த முதல் வாரம், மனைவிக்கு இன்னும் விசா வராத சமயம். எதிர் வீட்டிலிருந்து கிண்ணம் வந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்று, கிண்ணத்தை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பளபளவென்று கொண்டுபோய் நீட்டினேன். கும்பகோணத்துப் பிள்ளை எவ்வளவு சுத்தம் என்று பாராட்டுவார் என எதிர்பார்த்தேன். அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கிண்ணத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"வெறும் ஏனத்தத் திருப்பிக் குடுக்கப்படாதுங்க தம்பி. ஒரு புடி சக்கரையாச்சும் போட்டுக் கொண்டாங்க."

என்னிடம் சர்க்கரை இல்லை. டீ பை இரண்டு இருந்தது. அதைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் மெட்ரோவில் என்னைப் பார்த்தவர், நீங்கள் கொடுத்த டீ ரொம்ப நன்றாக இருந்தது என்று பெட்டியில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இரண்டு டீ பைக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நாலாகப் போட்டிருப்பேன்.

எங்கள் இருவருக்கும் ஆபீஸ் தேராவில். நான் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவன். அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குக் காகிதங்கள் தயார் பண்ணுகிறவர். காலையில் ஒரே ரயிலில் போவோம். அந்தப் பயணங்களில்தான் அவருடைய சட்டதிட்டங்களை நான் முழுதாகக் கற்றேன். பாத்திரத்தில் போட்டுத் தருவது பெரிய பொருளாக இருக்கவேண்டியதில்லை, தின்பண்டமாகக்கூட இருக்கவேண்டியதில்லை. காலியாக மட்டும் இருக்கக்கூடாது. கன்டெய்னர் காலியாகத் திரும்பினாலே எங்கள் மேனேஜருக்கு வயிறு எரிகிறதே, கிண்ணம் காலியாக வந்தால் எனக்கு எரியாதா என்று கேட்பார்.

இந்தச் சட்டத்துக்குக் கட்டடமே கட்டுப்பட்டிருந்தது. கீழே வாட்ச்மேனாக இருந்த பெஷாவர் பாய், ஒருநாள் கையில் ஒன்றும் அகப்படாமல், ஸ்டோரிலிருந்து ஒரு புது பல்பை எடுத்துக் குழம்புச் சட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். அந்த பல்பு அக்காவின் சமையலறையில் ஆறு வருஷம் எரிந்தது. இரண்டாம் மாடி பிலிப்பினோ நர்ஸ் எப்போதும் பிளாஸ்திரி போட்டுத் தருவார். அக்காவுக்குக் காய் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதால் அதுவும் வீண்போகவில்லை. அவர் வீட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம். ஜெபல் அலியில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். சாப்பாட்டு டப்பாவை மாலையில் வெறுமனே கொண்டுவரக்கூடாதே. தினமும் ஆபீஸிலிருந்து ஒரு ரப்பர் பேண்ட் எடுத்து அதற்குள் போட்டுக்கொண்டு வருவார். கல்யாணமான முப்பது வருஷ ரப்பர் பேண்ட் அவர்கள் வீட்டில் உருண்டையாக உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்குச் சரிசமமாக நின்றவர் மூன்றாம் மாடியில் இருந்த சிரியாக்கார அம்மா ஒருவர்தான். அவர்கள் பக்கத்திலும் இதே வழக்கம் உண்டாம். ஒரு ரமலானில் அக்கா பாயசம் அனுப்ப, அந்த அம்மா அதே பாத்திரத்தில் ஹரீஸ் என்ற கோதுமைக் கஞ்சி அனுப்ப, அக்கா அதில் பணியாரம் அனுப்ப, அந்த அம்மா பேரீச்சம்பழம் அனுப்ப, பாத்திரம் மாடிப்படியில் ஓயாமல் ஏறி இறங்கியது. இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைசியில் அந்த அம்மாவின் வீட்டுக்காரரே பாத்திரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் வைத்து, "கலாஸ், சிஸ்டர், கலாஸ்", போதும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அப்போதும் உள்ளே ஒரு ஆரஞ்சுப் பழம் இருந்தது.

ஒருநாள் ரயிலில் நான் சும்மா சீண்டினேன். காலியாகத் திருப்பிக் கொடுத்தால் குடி முழுகிப் போய்விடுமா அக்கா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏனம் வெறுசா வந்தா என்னங்க அர்த்தம்? போதும், இத்தோட முடிஞ்சுதுன்னு அர்த்தம். உள்ள என்னத்தையாச்சும் போட்டுட்டா மறுக்கா நம்ம முறை வந்துருதில்லீங்களா. அது போயிக்கிட்டே இருக்கும்."

அவருடைய ஒரே மகன் ஜப்பானில் வேலை பார்த்தான். ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு ஊர். அங்கேயே ஒரு ஜப்பானியப் பெண்ணைப் பிடித்துப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டான். விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்த காலம் அது. இங்கிருந்து யாரும் போகமுடியவில்லை. மணமக்கள் அங்கே ஒரு ஆபீஸில் கையெழுத்துப் போட, அக்கா இங்கே லேப்டாப்புக்கு முன்னால் பட்டுப்புடவையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். கீபோர்டுக்குள் போன அரிசியை எடுக்க சத்வா வரைக்கும் போய் ஆள் தேடவேண்டியிருந்தது.

சம்பந்தியம்மாவும் அக்காவும் அந்தத் திரையில்தான் அறிமுகமானார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. இவர் கும்பிடுவார். அவர் குனிவார். இவர் மரியாதைக்குறைவாகிவிடுமோ என்று தானும் குனிவார். அவர் இன்னும் குனிவார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கத்திலும் திரையில் தலைமுடி மட்டும் தெரியும். விமானம் ஓட ஆரம்பித்ததும் அக்கா முதல் வேலையாக ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய எள்ளுருண்டை பிடித்து, யாரோ ஒசாகா போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார். டப்பாவின் மூடியிலும் அடியிலும் பெயர் வெட்டியிருந்தது.

அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கமாட்டார். இந்தக் கட்டடத்தை அதட்டித் திருத்தலாம், கடல் கடந்து இருக்கும் சம்பந்தியிடம் போய் டப்பாவில் ஏதாவது போட்டுத் தாருங்கள் என்று சொல்ல முடியுமா? மகனிடம் சொல்லிவைக்கவும் கூச்சம். இரண்டு மாதம் கழித்து டப்பா வந்தது. அக்கா என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் மூடியைத் திறந்தார். உள்ளே டப்பா நிறைய அரிசி வறுவல். அதன்மேல் ஒரு சின்னத் தீப்பெட்டி.

அரிசி வறுவலை ஒன்று கடித்துப் பார்த்து, நம்மூர் அப்பளத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று தீர்ப்புச் சொன்னார். தீப்பெட்டி எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. மகனிடம் கேட்டால், அத்தை வைத்தார்கள், விமானத்தில் தீப்பெட்டியைப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது, ஒருவர் ஒன்றைத் தன் உடம்போடு வைத்துக்கொள்ளலாம் என்று வருகிறவரிடம் சொல்லி அவர் சட்டைப்பையில் அனுப்பினேன், இறங்கியதும் டப்பாவில் போடச் சொன்னேன், எதற்கு என்று நான் கேட்கவில்லை என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத்தான் கேட்கிறார்கள். நாம் சாமிக்கு விளக்கேற்றுகிறோம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதற்காக அனுப்பியிருக்கிறது என்று அக்காவே முடிவுகட்டிக்கொண்டார். அந்தத் தீப்பெட்டியைப் பூஜையறையில் வைத்து விளக்குக்கு மட்டும் பயன்படுத்தினார்.

மூன்று வருஷத்தில் டப்பா அப்படி நாலு தடவை போய் வந்தது. இங்கிருந்து ஒவ்வொரு தடவையும் எள்ளுருண்டைதான், சம்பந்தியம்மாவுக்கு அது அப்படிப் பிடித்துப்போயிற்று. அங்கிருந்து வருவது மாறும், தீப்பெட்டி மட்டும் மாறாது. டப்பா போய்ச் சேர்ந்த அன்றைக்கு வீடியோவில் சம்பந்தியம்மா அதைத் தூக்கிக் காட்டுவார். பத்து நாள் கழித்துக் கவிழ்த்துக் காட்டுவார், தீர்ந்துவிட்டது என்று. அக்கா பூரித்துப்போவார். சம்பந்தி ஐயா பின்னால் சுவரோரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

ஐந்தாவது முறை டப்பா இங்கே வந்தபோது அக்காவுக்கு ஒரு யோசனை. அடுத்த வசந்தத்தில் நேரிலேயே போய்க் கொடுத்துவிடலாம், அதுவரை டப்பா இங்கேயே இருக்கட்டும் என்று நிறுத்திவைத்தார். லீவும் கேட்டுவைத்தார். சம்பந்தியம்மா வீடியோவில் கையை விரித்து, டப்பா எங்கே என்று ஜாடையில் கேட்பார். இவர் வருகிறேன் வருகிறேன் என்று விமானம் மாதிரி கையை ஆட்டிக் காட்டுவார். இப்படி ஐந்து மாதம் போயிற்று.

ஒரு புதன்கிழமை காலையில் அக்கா ரயிலுக்கு வரவில்லை. பத்து மணிக்கு என் ஆபீஸுக்கு வந்து நின்றார். கையில் பாஸ்போர்ட். சம்பந்தியம்மா தூக்கத்திலேயே போய்விட்டாராம். எரியூட்ட அங்கே இடம் கிடைக்க ஆறு நாள் ஆகும் என்றும், அதற்காக அம்மா அலைந்துகொண்டு வரவேண்டாம், இங்கே யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள் என்றும் மகன் சொல்லியிருக்கிறான். நானும் டிக்கெட் விலை, விசா அவகாசம் என்று எதையோ சொல்லத் தொடங்கினேன்.

"டப்பா எங்கிட்ட இருக்குதுங்க தம்பி," என்றார். "என் முறை. அஞ்சு மாசமா நான் குடுக்கலை."

நான் விசா படிவத்தை எடுத்தேன். அவர் அழவில்லை. கையில் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் ஏதோ போட மறந்துவிட்ட மாதிரி.

விசா விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். மகனுடைய மனைவியுடைய அம்மா என்று நான் விளக்கினேன். அதற்கு அவள் பட்டியலில் கட்டமே இல்லை. தூரத்து உறவு என்று எழுதப் போனாள். பக்கத்தில் இருந்த அக்கா சட்டென்று அவள் கையைப் பிடித்துவிட்டார். சம்பந்தி எப்படித் தூரத்து உறவாகும் என்று தமிழில் சண்டை. அவள் என்னைப் பார்த்தாள். கூடப் பிறந்தவர் மாதிரி என்று ஒரு வழியாகச் சொல்லி எழுதவைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை விசா வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் டப்பாவில் இருந்தது. இழவு வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோகக்கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்தது. டப்பாவைக் காலியாகக் கொடுக்கக்கூடாது. இது அக்காவுக்குத் தெரிந்தது. சம்பந்தியம்மாவுக்கோ எள்ளுருண்டையைத் தவிர வேறெதுவும் அனுப்பிப் பழக்கமில்லை. வீட்டுக்காரர் வழக்கமாக வாய் திறக்காதவர், அன்றைக்குத் திறந்தார்.

"எழவு வூட்டுக்கு யாராச்சும் இனிப்புக் கொண்டுட்டுப் போவாங்களா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"வெறும் டப்பாவக் கொண்டுபோயி அந்தம்மா கிட்ட நீட்டட்டுங்களா? முடிஞ்சுதுன்னு நானே சொல்லட்டுங்களா?"

அவர் திரும்பவும் வாயை மூடிக்கொண்டார். ஏதாவது பழம் போடலாமே என்று நான் மத்தியஸ்தம் செய்து பார்த்தேன். அக்கா என்னை முறைத்தார். கடைசியில் அவரே ஒரு நியாயம் கண்டுபிடித்தார். செத்தவர்களுக்கு நாமும் எள்ளைத்தானே இறைக்கிறோம், அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையோடு இறைத்ததாக இருக்கட்டும் என்றார். எள் வறுக்கும் வாசனை மாடி முழுக்கப் போயிற்று. சிரியாக்கார அம்மா மேலே வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். சாவு என்று என் மனைவி சொன்னதும் அவர் முகம் போன போக்கை மறக்கமுடியாது. விஷயம் புரிந்ததும் ஓடிப்போய், வழிக்கு என்று ஒரு பை பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

விமான நிலையம் வரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டப்பாவைக் கைப்பையில்தான் வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம். எவர்சில்வர் டப்பாவுக்குள் கறுப்புக் கறுப்பாக இருபது உருண்டை இருந்தால் ஸ்கேனில் எப்படித் தெரியும் என்று சொல்லவேண்டியதில்லை. ஓரமாக நிறுத்தித் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். திறந்ததும் அந்த அதிகாரி வாசனையில் மயங்கி, ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று விளையாட்டாகக் கேட்டாராம். இது செத்துப்போனவர்களுக்கு என்று அக்கா தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரியே மூடியைப் போட்டு, "யல்லா, யல்லா" என்று அனுப்பிவிட்டாராம்.

எட்டு நாள் கழித்து விடிகாலை விமானத்தில் திரும்பினார். நான்தான் போய் அழைத்து வந்தேன். வெளியே வரும்போதே பார்த்தேன், டப்பா கையில் இருந்தது. அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். காரில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டார். நான் கேட்கவேண்டியிருக்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

அங்கே யாரும் சத்தம் போட்டு அழவில்லையாம். எல்லாரும் கறுப்பு உடையில் அசையாமல் உட்கார்ந்திருக்க, இவர் வெள்ளைப் புடவையில் நம் ஊர் அளவுக்குக்கூட இல்லாமல், பாதி அளவுக்கு அழுதிருக்கிறார். உடனே ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார், ஒருவர் நாடி பிடித்துப் பார்த்தார். அதற்குப் பயந்தே அழுகையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். சம்பந்தியம்மா பெட்டிக்குள் திரையில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தாராம். முழு உருவத்தை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன், இத்தனை நாளும் இடுப்புக்கு மேலேதானே பார்த்தேன் என்றார்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால், இறந்தவருக்குப் பிடித்ததை உள்ளே வைக்கலாம் என்று பூவும் கடிதமும் வைத்திருக்கிறார்கள். அக்காவும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு ஆள் குறுக்கே வந்து குனிந்தார். உலோகத்தை உள்ளே வைக்கக்கூடாது, எரியாது என்றார். அக்கா குனிந்தார், ஆனால் டப்பாவைப் பின்னுக்கு எடுக்கவில்லை. அந்த ஆள் இன்னும் குனிந்தார். அக்காவும் விடவில்லை. மகன் பக்கத்தில் நின்று நெளிகிறான். அந்தக் குனிவுப் போட்டி எங்கே போய் முடிந்திருக்குமோ, அதற்குள் சம்பந்தி ஐயா எழுந்து வந்தார். அவரே டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, வெள்ளைக் காகிதத்தில் எள்ளுருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மடித்து, மனைவியின் கையருகே வைத்தார். கடைசி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், அதைத் தன் வாயில் போட்டுக் கடித்தார்.

அந்த நிசப்தத்தில் எள்ளுருண்டை கடிபடும் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாம். மென்று முடித்துவிட்டு அவர் ஏதோ சொல்ல, துக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். மகனிடம் கேட்டதற்கு, மூன்று வருஷத்தில் இவள் எனக்கு ஒன்றுகூடக் கொடுத்ததில்லை, ஒளித்து வைத்துக்கொண்டு தானே தின்றுவிடுவாள் என்று சொன்னதாகச் சொன்னான்.

அப்போது அக்காவும் அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். எரித்த பிறகு சொந்தக்காரர்கள் ஜோடி ஜோடியாக நின்று குச்சியால் எலும்பெடுக்கவேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயதுவரை சுடுகாட்டு வாசலை மிதிக்காத மனுஷி. சாப்பிடவே அந்தக் குச்சியைப் பிடிக்கத் தெரியாது. மருமகள் வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாக ஒரு சின்ன எலும்பை எடுத்து வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது அக்கா தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டார். அவர் அழுதார். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

கிளம்புகிற அன்று, இழவு வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நழுவிவிடத் திட்டம் போட்டிருக்கிறார். டப்பாவைச் சமையலறையில் கழுவிக் கவிழ்த்துவைத்தாயிற்று. வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னால் காலடி. சம்பந்தி ஐயா டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். உள்ளே ஏதோ ஒரே ஒரு பொருள் உருளுகிற சத்தம். அக்கா திறந்து பார்த்தார். ஒரு தீப்பெட்டி.

சம்பந்தி ஐயா தரையைப் பார்த்துக்கொண்டே பேச, மருமகள் எடுத்துச் சொன்னாள். அம்மா பிறந்த ஊரில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பமாட்டார்கள். போட ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு தீப்பெட்டியாவது போடுவார்கள். மற்றதெல்லாம் அம்மா செய்வாள், அப்பாவுக்கு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது, தீப்பெட்டி எங்கே இருக்கும் என்று மட்டும் தெரியும்.

"மூணு வருசமா நானென்னமோ சாமி வெளக்குக்குன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க தம்பி," என்றார் அக்கா. "அந்தம்மாளும் நம்மள மாதிரியேங்க. எனக்குச் சொல்ல ஒரு பாசை இல்லாமப் போச்சு."

இழவு வீட்டிலிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது. அது எனக்கே தெரியும். அங்கே வாசலில் நின்றபோது அவருக்கும் அதுதான் மனசில் ஓடியிருக்கிறது. வாங்காவிட்டால் இத்தோடு முடிந்தது. வாங்கினால் சாவு வீட்டுப் பொருள். நீட்டிய கையோடு குனிந்தவர் நிமிராமல் நிற்கிறார்.

"வாங்கிட்டேன்," என்றார். "வாங்குனது மட்டுமில்லீங்க. போயிட்டு வர்றேனுங்கன்னு சொல்லிப்போட்டேன். எழவு வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு."

கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அப்போதுதான் அக்கா முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். விமானத்தில் தீப்பெட்டியை உடம்போடுதான் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதால் ஒசாகாவிலிருந்து அதை முடிந்துகொண்டே வந்திருக்கிறார். அதை எடுத்து டப்பாவுக்குள் போட்டு மூடினார். சொந்த வீட்டுக்கானாலும் டப்பா காலியாக நுழையக்கூடாது அல்லவா. கீழே பெஷாவர் பாய் கதவைத் திறந்துவிட்டு சலாம் சொன்னார்.

லிஃப்ட்டில் நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா டப்பாவை மெதுவாக ஒருமுறை ஆட்டிக் கேட்டார். பிறகு கவலையோடு என்னைப் பார்த்தார்.

"சக்கரை போடாம எள்ளுருண்டை புடிக்க வருமுங்களா தம்பி? அந்த மனுசனுக்குப் பத்து வருசமாச் சக்கரை வியாதியாம். அதுக்குத்தானுங்க அந்தம்மா ஒளிச்சு வெச்சிருக்குது."